மாடிக்குப் போன கோப்பைகள்

வின்சென்ட் நாமக்கல் வேலையை விட்டுவிட்டுச் சேலம் அரிசிப்பாளையத்து வீட்டுக்கே வந்து சேர்ந்தபோது சித்திரை வெயில் ஆரம்பித்திருந்தது. அவர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் மரவேலை மேஸ்திரி. மீசை அரும்பிய வயதில் போய்ச் சேர்ந்தவர், முழங்கால் தேய்ந்து, கேபினுக்குள் குனிந்து ஏற முடியாமல் போன பிறகுதான் விட்டார். அத்தனை காலமும் திங்கட்கிழமை விடியற்காலை பஸ் ஏறினால் சனிக்கிழமை ராத்திரிதான் அரிசிப்பாளையத்துக்குத் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை, மதியம் கறிச்சோறு, அதற்குப் பிறகு நீண்ட தூக்கம். வீடு என்றால் அவருக்கு அவ்வளவுதான். மற்ற நாட்களில் அங்கே என்ன நடக்கிறது என்று யோசித்ததே இல்லை. தான் இல்லாதபோது வீடு சும்மா கிடக்கும், தான் வந்ததும் நடமாட ஆரம்பிக்கும் என்பது போல ஒரு நினைப்பு.

ஒரே மகள் நான்சி கல்யாணமாகி ஓசூரில் இருந்தாள்.

"இனிமே நீயும் நானும்தான் மேரி," என்றார் வந்த அன்றைக்கு, பெட்டியை இறக்கி வைத்தபடி.

"ஆமாங்க," என்றாள் அவர் மனைவி ஞானமேரி. உளிகளும் இழைப்புளியும் இருந்த அந்த இரும்புப் பெட்டியை எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் டி.வி. முன்னால் உட்கார்ந்தார். நாலு மணிக்கு எவர்சில்வர் டம்ளரில் டீயும் ஒரு தட்டில் ரஸ்க்கும் வந்தன. வைத்துவிட்டு ஞானமேரி ஒரு வயர்கூடையை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். துணி எடுக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மேலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. டி.வி.யில்தானோ என்று ஒலியைக் குறைத்தார். இல்லை, மாடியில்தான். நெஞ்சிலிருந்து குலுங்கிக் குலுங்கி வந்து, மூச்சு முட்டி, மறுபடியும் கிளம்புகிற சிரிப்பு. அது தன் மனைவியின் சிரிப்பு என்று புரிந்துகொள்ளவே அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. அவள் சிரிப்பாள்தான். ஆனால் வாயை மூடிக்கொண்டு தோளை அசைத்துச் சிரிப்பாள். இப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருப்பது அவருக்குத் தெரியாது.

முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறினார்.

மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே, தொட்டியின் நிழல் விழுகிற மூலையில் பச்சை வலை கட்டியிருந்தது. மேற்கு வெயில் உள்ளே வராதபடி ஒரு பழைய மெல்லிய புடவை திரையாகத் தொங்கியது. தரையில் தண்ணீர் தெளித்து, சூடு அடங்கிய சிமெண்டு வாசனை வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்து ஏலத்தில் வாங்கியது போல ஒரு பழைய பெஞ்சு. அதன்மேல் மடித்துப் போட்ட ஜமக்காளம். எதிரே கவிழ்த்த பெயிண்ட் டின்னின் மீது வெள்ளைத் துணி விரித்து, ஃபிளாஸ்க் வைத்திருந்தது. சுவரோரம் புதினாத் தொட்டிகள். அவற்றுக்கு அப்பால் வடக்கே ஏற்காட்டு மலை நீலமாகத் தெரிந்தது. பெஞ்சில் ஞானமேரியும் அடுத்த வீட்டு சௌந்திரமும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் தலையைக் கண்டதும் சிரிப்பு நின்றது. சௌந்திரம் எழுந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வாங்கண்ணா. முட்டி வலியோட மாடி ஏறி வந்துட்டீங்களே."

"சத்தம் கேட்டுச்சு. அதான்."

"ஒண்ணுமில்லீங்கண்ணா, சும்மா பேசிக்கிட்டிருந்தோம். அடுப்புல பால் வெச்சேன், நான் வாரேனுங்கக்கா." இரண்டு வீட்டு மாடிக்கும் நடுவில் முழங்கால் உயரச் சுவர்தான். பழகிய காலால் அதைத் தாண்டிப் போய்விட்டாள்.

சௌந்திரம், நெசவுக்குப் பேர்போன இளம்பிள்ளை ஊர்க்காரி. அவள் புருஷன் மதியழகன் அங்கிருந்து புடவை எடுத்து வந்து மொத்த வியாபாரம் செய்பவன். குடிவந்து பல வருடமாகிறது என்பது வின்சென்டுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் பார்த்தால் தலையசைப்பார். அதற்குமேல் அவளைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது.

ஆனால் அன்றைக்கு அவர் கண்ணில் பட்டது அவள் இல்லை. வெள்ளைத் துணிமேல் இருந்த இரண்டு கோப்பைகள். மெல்லிய வெள்ளைப் பீங்கான், விளிம்பில் நீலக்கோடு. அவர்கள் கல்யாணத்துக்கு லாசர் பெரியப்பா பெங்களூரிலிருந்து வாங்கி வந்து கொடுத்தது. கண்ணாடி அலமாரியில் மேல்தட்டில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருந்தவை. அவை எப்போது அங்கிருந்து இறங்கின என்றே அவர் கவனிக்கவில்லை.

"இதுலயா டீ குடிக்கிறீங்க?"

"ஆமாங்க. அலமாரியில சும்மாதானே இருந்துச்சு."

"எனக்கு ஒரு நாளும் இதுல குடுத்ததில்லையே."

"நீங்க டம்ளர்லதானே குடிப்பீங்க. கோப்பை சின்னது, ரெண்டு மடக்குல தீந்துடும்னு சொன்னீங்களே, கல்யாணமான புதுசுல."

சொல்லியிருக்கலாம். அவருக்கு ஞாபகமில்லை. சௌந்திரத்தின் கோப்பையில் மிச்சமிருந்த டீயிலிருந்து இஞ்சியும் ஏலமும் மணத்தன. கீழே அவருக்கு வந்ததில் அது இல்லை. இஞ்சி போட்டால் கஷாயம் குடிப்பது போலிருக்கிறது என்று ஒரு காலத்தில் அவரேதான் வேண்டாமென்றார். அதுவும் இப்போது ஞாபகம் வந்து, இன்னும் எரிச்சலாக இருந்தது.

"என்ன பேசிச் சிரிச்சீங்க அப்படி?"

ஞானமேரி கோப்பைகளைக் கூடையில் அடுக்கினாள். "ஒண்ணுமில்லீங்க. பொம்பளைங்க பேச்சு."

அன்று சாப்பாட்டில் உப்பு கூடுதலாக இருந்ததென்று அவர் கோபித்துக்கொண்டார். உண்மையில் அளவாகத்தான் இருந்தது.

மறுநாள் நாலு மணிக்கு டீயைக் கொண்டு வந்தபோது, "நானும் மாடிக்கே வர்றேன்," என்றார். ஞானமேரி ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு, "வாங்க," என்று டம்ளரையும் கூடையில் வைத்துக்கொண்டாள்.

அவர் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தார். முட்டி மடக்க முடியாதவருக்குத் தரையில் உட்கார இயலாது. அதனால் ஞானமேரி பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டாள். சுவரைத் தாண்டி வந்த சௌந்திரம் அவரைக் கண்டதும் தரையில் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டாள். டீ ஊற்றப்பட்டது. புதினாத் தொட்டியில் ஒரு அணில் ஏறி இறங்கியது.

"பேசுங்க, பேசுங்க. நான் இருக்கேன்னு பாக்காதீங்க," என்றார் வின்சென்ட்.

"ஆமாங்கண்ணா," என்றாள் சௌந்திரம்.

பேச்சு வராததால் அவரே பேசினார். பழைய லாரிக் கேபினுக்கும் புதுக் கேபினுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினார். வேங்கை மரம் எங்கே போட வேண்டும், எங்கே போடக்கூடாது, சன்மைகா ஒட்டுவதற்கு முன் பலகையை எப்படித் தேய்க்க வேண்டும் என்று கையாலேயே தேய்த்துக் காட்டினார். சௌந்திரம் இடையிடையே, "அப்படிங்களாண்ணா," என்று கேட்டுக்கொண்டாள். ஞானமேரி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் முழுவதும் அப்படியே போயிற்று. ஒவ்வொரு நாளும் அவர் கீழேயிருந்து ஆசையோடுதான் ஏறினார். அந்தச் சிரிப்பு இன்றைக்குத் தனக்கும் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். அவர் வந்து உட்கார்ந்ததும் அது எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. ஒருமுறை அவர் படியில் இருக்கும்போதே இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசுவது கேட்டது. நின்று காதைக் கொடுத்தார். செருப்பு உரசிய சத்தத்தில் அவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வாரம் சௌந்திரம் வரவில்லை. மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினாள். அதற்கடுத்த நாள் புடவைக் கட்டு வந்திருக்கிறது என்றாள். பிறகு காரணம் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். வின்சென்டுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. அந்தத் திருப்தியைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. இனி அந்த நேரம் தனக்குத்தான் என்று நினைத்தார். ஆனால் சௌந்திரம் வராமல் போனதும் ஞானமேரியும் மாடிக்குப் போவதை விட்டுவிட்டாள். கூடத்தில் டி.வி. முன்னால் அவருக்கு டம்ளரில் கொடுத்துவிட்டு, சமையற்கட்டில் நின்றபடியே தன்னுடையதைக் குடித்து முடித்தாள்.

"ஏன் மேரி, இங்க வந்து உக்காந்து குடிக்கிறது?"

"அடுப்புல வேலை இருக்குதுங்க."

அவர் யோசித்தார். மரத்தையும் தகட்டையும் தவிர வேறெதையும் வைத்து யோசித்துப் பழக்கமில்லாதவர். குறை இடத்தில்தான் இருக்கிறது என்று முடிவு செய்தார். பழைய பெஞ்சும் பெயிண்ட் டின்னுமாக இருக்கும் இடத்துக்கே அவ்வளவு சிரிப்பென்றால், ஒழுங்காக ஒரு இடம் கட்டிக் கொடுத்தால் எப்படி இருக்கும்! அவளுக்காகத் தன் கையால் இதுவரை ஒன்றும் செய்ததில்லை. ஊர் லாரிகளுக்கெல்லாம் செய்தவர், வீட்டு அலமாரிக் கதவுக்கு ஒரு கீல் மாற்றியதில்லை.

பட்டறையில் கூட வேலை பார்த்த தீனதயாளனுக்குப் போன் செய்தார். அவன் ஒரு மினி ஆட்டோவில் மிச்சச் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். சிவப்பு ரெக்சின், ஸ்பாஞ்சு, அலுமினியத் தகடு, பூப்போட்ட சன்மைகா. இருவருமாக வீட்டு முன்பக்கத்துச் சிமெண்டு வாசலில் வேலையைத் தொடங்கினார்கள். லாரி டிரைவருக்குப் பின்னால் இருக்கும் நீள இருக்கையைப் போல மெத்தை வைத்த ஆசனம் ஒன்று. கோப்பை வைக்க மடக்குப் பலகை. மேலே தகட்டுக் கூரை, அதன் விளிம்பெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக வளைகோடுகளும் தாமரையும். ஒரு சின்ன ஃபேன். கூரையின் உட்புறம் வரிசையாக வண்ண விளக்குகள்.

"எதுக்குங்க இவ்வளவு?" என்றாள் ஞானமேரி, காய்கறிப் பையோடு வந்து நின்று.

"உனக்குத்தான். நாலு மணிக்கு மகாராணி மாதிரி உக்காந்து டீ குடி."

அவள் ரெக்சினைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லா வழவழன்னு இருக்குது," என்றாள்.

கால் வைத்துக்கொள்ள ஒரு பலகை மட்டும் குறைந்தது. புதன்கிழமை சாயங்காலம் ஞானமேரி கோயிலுக்கு நவநாள் பூசைக்குப் போயிருந்தாள். தீனதயாளன், "மரக்கடைக்குப் போயிட்டு வந்துடட்டுமா மேஸ்திரி?" என்றான்.

"எதுக்கு? மாடியில ஒரு பெஞ்சு சும்மா கிடக்குது. நல்ல பழைய தேக்கு."

தீனதயாளன் தயங்கினான். "அக்காகிட்ட ஒரு வார்த்தை..."

"அதான் புதுசே கட்டியாச்சே. இனி அது என்னத்துக்கு?"

அவர் மாடிக்கு ஏறினார். பெஞ்சின் போல்ட்டுகளைக் கழற்றும்போது கையில் ஒரு வேகம் இருந்தது. வேலைக்காக வந்த வேகம் இல்லை அது. பெஞ்சைப் பிரித்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. பச்சை வலையை அவிழ்த்தார். புடவைத் திரையை இழுத்துச் சுருட்டினார். பெயிண்ட் டின்னைக் காலால் தள்ளிவிட்டார். அது உருண்டு போய்ச் சௌந்திரம் வீட்டுச் சுவரில் மோதி நின்றது. மூலை வெறும் மூலையானதும்தான் அவருக்கு மூச்சு சீரானது.

ஞானமேரி திரும்பி வந்தபோது பெஞ்சுப் பலகை நறுக்கப்பட்டு, வார்னிஷ் பூசப்பட்டு, ஆசனத்துக்குக் கீழே பொருந்தியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். ஓரத்தில் யாரோ பள்ளிப்பிள்ளை காம்பஸ் முனையால் கீறிய ஒரு நட்சத்திரம் இருந்தது. அது வார்னிஷுக்கு அடியிலும் தெரிந்தது. நேராக மாடிக்கு ஏறிப் போனாள். சீக்கிரமே இறங்கி வந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. தீனதயாளனுக்குச் சாப்பாடு போட்டாள். குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டாள்.

மறுநாளிலிருந்து நாலு மணிக்கு இருவரும் முன்வாசலில் உட்கார்ந்தார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பங்குச் சாமியார்கூட வண்டியை நிறுத்தி, "அடடே, லாரியையே வீட்டுக்குக் கொண்டாந்துட்டீங்களா?" என்று சிரித்துவிட்டுப் போனார். வின்சென்டுக்குப் பெருமையாக இருந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்ப்பார். ஞானமேரி நேராக உட்கார்ந்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல டீயைக் குடித்துக்கொண்டிருப்பாள். அவர் கேட்டதற்குப் பதில் சொல்வாள். குடித்து முடித்ததும் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். கோப்பைகள் மறுபடி அலமாரிக்கு வந்திருந்தன. அவற்றைக் கொண்டு வரச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஒரு நாள் அவர் மதியம் கண்ணயர்ந்துவிட்டார். எழுந்தபோது நாலு தாண்டியிருந்தது. டீ மூடி வைத்த டம்ளரில் இருந்தது. ஞானமேரியைக் காணோம். அலமாரியைப் பார்த்தார். கோப்பைகள் இல்லை. மாடிக்கு ஏறிப் பார்த்தார். அங்கும் யாருமில்லை. இறங்கி வெளியே வந்து, செருப்புக்கூடப் போடாமல் சௌந்திரம் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் நடந்தார். புடவைக் கட்டுகள் அடுக்கி வைக்கும் அறையின் ஜன்னல் பாதி திறந்திருந்தது. உள்ளே அட்டைப் பெட்டிகளுக்கும் பிளாஸ்டிக் உறையிட்ட புடவைக் கட்டுகளுக்கும் நடுவே, நகரக்கூட இடமில்லாத தரையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். காற்றே இல்லை. இருவர் முகத்திலும் வேர்வை. ஒரு புடவைக் கட்டின்மேல் அந்த இரண்டு கோப்பைகள்.

ஞானமேரி குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். "சன்மைகா ஒட்டுறதுக்கு முன்னாடி பலகையைப் பாத்தீங்கன்னா, இப்படி, இப்படித் தேய்க்கணும். மேலோட்டமாத் தேச்சா மழைக்கு உப்பிக்கும்." கை அவர் கையைப் போலவே போய்வந்தது. கழுத்தை அவரைப் போலவே ஒரு பக்கம் சாய்த்திருந்தாள். இடையில் மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள். தனக்கு அந்தப் பழக்கம் இருப்பதே அப்போதுதான் வின்சென்டுக்குத் தெரிந்தது.

"ஐயோ அக்கா, போதுங்க," என்று சௌந்திரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "மூச்சு முட்டுது!"

அவர் ஜன்னலருகில் நின்றார். காது சுட்டது. உள்ளே போய்க் கத்தலாம் என்று தோன்றியது. ஆனால் கால் வீட்டுப் பக்கம்தான் போனது. முன்வாசலில் தான் கட்டிய ஆசனத்தில் உட்கார்ந்தார். இத்தனை நாள் ஏங்கிய சிரிப்புக்குத் தானே காரணமாக இருந்திருக்கிறார். அந்தச் சிரிப்புக்குள் இருந்தும் அவர் வெளியில்தான் நின்றிருக்கிறார். எது அதிகம் சுடுகிறது என்று அவருக்கே தெரியவில்லை.

ஞானமேரி வந்தாள். அவர் வெறுங்காலில் ஒட்டியிருந்த சந்து மண்ணைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். கூடையைக் கீழே வைத்தாள்.

"என்னைப் பத்தித்தான் சிரிக்கிறீங்களா ரெண்டு பேரும்?"

"ஆமாங்க," என்றாள்.

மறுப்பாள் என்று எதிர்பார்த்திருந்தார். அதற்கு வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வீணாயின.

"இத்தனை வருசமாவா?"

"ஆமா. இத்தனை வருசமாத்தான்." அவள் குரல் உயரவில்லை. "நீங்க சனிக்கிழமை வருவீங்க, திங்கட்கிழமை போயிடுவீங்க. நடுவுல உங்களைப் பத்தி நான் யார்கிட்ட பேசுறது? நான்சி பொறந்தப்ப நீங்க இல்ல. எங்கம்மா செத்தப்ப, சவப்பொட்டி மூடுற நேரத்துக்குத்தான் வந்தீங்க. கோவமும் இருந்துச்சு, நெனப்பும் இருந்துச்சு. அதையெல்லாம் அந்த மாடியிலதான் கொட்டினேன். அழுகையாக் கொட்டினது ஒரு காலம். அப்புறம் சிரிப்பா ஆயிடுச்சு. நீங்க வந்து நடுவுல உக்காந்துட்டா, உங்களைப் பத்தி எப்படிங்க பேசுறது?"

வின்சென்ட் ரெக்சினின் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அந்தத் தண்ணி தெளிக்கிறது, திரை கட்டுறது, எல்லாம் நான் எனக்குன்னு செஞ்சுக்கிட்டது. இந்த வீட்டுல என் இஷ்டத்துக்கு வெச்சது அந்த மூலை ஒண்ணுதான். அதையும் கழட்டிட்டீங்க. கோயில்ல இருந்து வந்து பாத்தப்ப, ஊருக்குப் போயிட்டு வந்து பூட்டை உடைச்சுக் கிடக்கிற வீட்டைப் பாத்த மாதிரி இருந்துச்சு எனக்கு."

"நான் உனக்குன்னுதான் இதைக் கட்டினேன்," என்றார். சொல்லும்போதே அது முழு உண்மையில்லை என்று அவருக்குத் தெரிந்தது. ரெக்சினிலிருந்து விரலை எடுத்து, "பொறாமையா இருந்துச்சு மேரி," என்றார். "என்கிட்ட அப்படி நீ சிரிச்சதே இல்ல."

அவள் உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள்.

மறுநாள் காலையில் அவர் உளியை எடுத்துக்கொண்டு, "பெஞ்சை மறுபடி பண்ணிக் குடுத்துடறேன்," என்று கிளம்பினார்.

"வேண்டாங்க. நீங்க மாடிக்கே வர வேண்டாம்," என்றாள். "நாங்க பாத்துக்கறோம்."

அவளும் சௌந்திரமும் சேர்ந்துதான் கட்டினார்கள். வலை ஒரு பக்கம் தொய்ந்தது. பெஞ்சுக்குப் பதிலாக மதியழகனின் கிடங்கிலிருந்து இரண்டு மரப்பெட்டிகள் வந்தன. ஆணி அடிக்கத் தெரியாமல் அடிக்கிற சத்தம் கீழே உட்கார்ந்திருந்த மேஸ்திரியின் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு அடியும் கோணலாகத்தான் போகிறது என்று அவருக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டார்.

பொறாமை அதோடு போய்விடவில்லை. நாலு மணிக்கு அவள் கூடையோடு ஏறும்போது அவர் முகம் இன்னமும் சுண்டும். ஆனால் அவள் கீழே வந்த பிறகு, சில நாட்களில் முன்வாசலுக்கும் வந்து அவர் பக்கத்தில் சற்று நேரம் உட்கார ஆரம்பித்தாள். யாரும் கூப்பிடாமல் அவளாகவே வந்தாள். ஆடி மாதக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் அவள் திடீரென்று கேட்டாள்.

"நாமக்கல்ல நீங்க சாயங்காலம் யார் கூட டீ குடிப்பீங்க?"

"பட்டறைக்கு எதுத்தாப்புல ஒரு கடை. ராசம்மாள் கடைன்னு. அங்கதான். மத்தவங்க குடிச்சிட்டு ஓடிடுவாங்க. நான் கொஞ்ச நேரம் உக்காந்து பேசிட்டு வருவேன்."

"யாரு ராசம்மாள்?"

"கடைக்காரம்மா. புருஷன் இல்ல. ஒத்தையாளா நின்னு கடையை நடத்துது."

"என்ன பேசுவீங்க?"

"என்னத்தைப் பேசுறது. ஊட்டுக் கதைதான். நான்சி பரீட்சை எழுதினது, உனக்குப் பித்தப்பையில கல் வந்தது. நீ கோயில்ல பாடுறது."

"எனக்குக் கல் வந்தது அவங்களுக்கு எதுக்கு?" ஞானமேரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பாடுறதைப் பத்தி என்ன சொன்னீங்க?"

"நீ நல்லாப் பாடுவேன்னு சொன்னேன்."

"என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே. யாரோ முன்னப் பின்ன தெரியாத பொம்பளைகிட்ட போய் உக்காந்துக்கிட்டு..." அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. வின்சென்ட் ஓரக்கண்ணால் பார்த்தார். இத்தனை மாதமாகத் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது அவருக்குத் தெரிந்தது. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அவங்களுக்கு என்ன வயசு?"

"என்னைவிடப் பெரியவங்க மேரி."

"வயசைத்தானே கேட்டேன்," என்றாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு என்னை அங்க கூட்டிட்டுப் போங்க. அந்த டீயை நானும் குடிச்சுப் பாக்கறேன்."

போனார்கள். ஞானமேரி பெருநாளுக்குக் கட்டும் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டாள். ராசிபுரம் தாண்டும்வரை முந்தானை மடிப்பை நீவிக்கொண்டே வந்தாள்.

ராசம்மாள் ஒடிசலான கிழவி. காதில் கனத்த தோடு, கையில் பால் வடிகட்டும் துணி. மேஸ்திரியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பின்னால் நின்றவளைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"ஞானமேரிங்களா? வாங்க சாமி, வாங்க. இப்படிக் காத்தோட்டமா உக்காருங்க. மேஸ்திரி உங்களப் பத்திச் சொல்லாத நாளில்லீங்க. நற்கருணை வாங்குற நேரத்துல நீங்க பாடுனா, அவரு வரிசையில நிக்காம பின்னாலயே நின்னுக்குவாராமா. வரிசையில போயிட்டா பாட்டை முழுசாக் கேக்க முடியாதேன்னு."

ஞானமேரி சட்டென்று அவரைப் பார்த்தாள். வின்சென்ட் எதிரே பூட்டிக் கிடந்த பட்டறையின் தகரக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் நற்கருணை வாங்க அவர் கடைசியாக வருவதைச் சோம்பல் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அதைச் சொல்லித்தான் சௌந்திரத்திடம் எத்தனையோ முறை சிரித்திருக்கிறாள்.

டீ வந்தது. கண்ணாடி கிளாசில், ஆடை படர, நுரையோடு. ராசம்மாள் எதிரில் உட்கார்ந்து, பித்தப்பைக் கல்லுக்கு என்ன மருந்து சாப்பிட்டாள், நான்சிக்கு இரண்டாவது குழந்தை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஞானமேரி மரியாதையாகப் பதில் சொன்னாள். ஆனால் கிளாஸ் காலியாகும்வரை முதுகைச் சாய்க்கவே இல்லை. கிளம்பும்போது ராசம்மாள் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அடிக்கடி வரச் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு வெகுநேரம் வெளியே பார்த்தாள்.

"டீ சுமார்தான்," என்றாள் கடைசியில். "தூள் மட்டம். பாலும் கெட்டி."

"ஆமா," என்றார் வின்சென்ட்.

"ஆமாங்காதீங்க. இத்தனை வருசம் அதைத்தானே குடிச்சீங்க." பஸ் கொஞ்ச தூரம் போனது. "பாட்டு விஷயத்தை என்கிட்ட சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? அதை நான் அவங்க வாயால கேக்கணுமா?"

கண்டக்டர் விசில் ஊதினான். பஸ் ஒரு கோழிப்பண்ணை லாரியை முந்திக்கொண்டு போனது. அதன் கேபின் அவர் கை பட்டதாகக்கூட இருக்கலாம், ஆனால் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"நாளைக்கு நாலு மணிக்குச் சௌந்திரத்துகிட்ட இந்தக் கதையைத்தான் சொல்லப்போறே," என்றார்.

"பின்னே?" என்றாள் ஞானமேரி. "அந்தம்மா காதுத் தோட்டுல இருந்து ஆரம்பிச்சு ஒண்ணு விடாமச் சொல்லுவேன்."